ஒன்பது நாள் லீவு, ஏழு ஊர்: தேனிலவுப் பயணத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். தை மாதக் கடைசி ஞாயிறு கல்யாணம். திங்கள்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய் வரை ஒன்பது நாள் லீவு, புதன்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். "கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, ஆலப்புழை, கொச்சி, கன்னியாகுமரி, ராமேஸ்வரம் எல்லாத்தையும் ஒரே ரவுண்டா முடிச்சிரலாமாக்கா? அவங்க எந்த ஊரா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டாங்க."

கல்யாணத்துக்கு வாழ்த்துகள் தம்பி. நானும் என் வீட்டுக்காரரும் மதுரை காளவாசல் பக்கம் பதினேழு வருடமாக வண்டி வைத்திருக்கிறோம். அவர் ஓட்டுவார், ரூம் புக்கிங், வழி, நேரம் எல்லாம் என் பொறுப்பு. புதுசாகக் கல்யாணமான ஜோடிகளை நிறைய அனுப்பிவைத்திருக்கிறோம். உங்கள் பட்டியலைப் போலப் பல பட்டியல்களைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏழு ஊரையும் சுற்றலாம், வண்டி ஓடும். மதுரையில் கிளம்பி மதுரைக்கு வந்து சேர எப்படியும் 1,300 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் பாதிக்கு மேல் மலை ஏற்றமும் கேரளாவின் குறுகலான சாலையும். தினமும் காலையில் ரூமைக் காலி செய்ய வேண்டும், மாலையில் இன்னொரு ரூமில் பெட்டியைத் திறக்க வேண்டும். ஊரை எண்ணாதீர்கள் தம்பி, பெட்டியை எத்தனை முறை கட்டி அவிழ்க்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு முறை ஊர் மாறினால் அரை நாள் போச்சு. குளித்து, பெட்டி கட்டி, பில் கொடுத்து, வழியில் டீக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தி, புது ஊரில் ரூம் தயாராகும் வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்து, மறுபடியும் முகம் கழுவி வெளியே வரும்போது மணி நாலரை. இப்படி ஏழு முறை.

உங்கள் பட்டியலிலேயே ஒன்றைக் காட்டுகிறேன். வரைபடத்தில் கொடைக்கானலும் மூணாறும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற மாதிரி தெரியும். முன்பு பேரிஜம் ஏரி வழியாக மூணாறு பக்கமுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஒரு மலைப்பாதை இருந்தது உண்மைதான். அதை மூடிப் பல வருடம் ஆகிறது. இப்போது கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வரை முழு மலையையும் இறங்கி, பெரியகுளம், தேனி, போடி வந்து, போடிமெட்டு வழியாக இன்னொரு மலையை ஏற வேண்டும். அந்த ஒரு நாளிலேயே இரண்டு மலைப்பாதை. ஏறக்குறைய ஆறு மணி நேரம். குமட்டல் உள்ளவருக்கு அந்த நாள் அதோடு முடிந்தது.

அடுத்து லீவுக் கணக்கு. ஒன்பது நாள் என்கிறீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் திங்கள் மறுவீடு. அதைத் தள்ள முடியாது. செவ்வாய் குலதெய்வம் கோயில். பொங்கல் வைத்து, கும்பிட்டு, பங்காளிகளுக்குச் சாப்பாடு போட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பெண்ணைப் பாருங்கள்: கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி, பெண்ணழைப்பு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அலங்காரம், நாள் முழுக்க மேடையில் நின்றது, பிறகு புது வீடு, புது ஆட்கள். மூன்று ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். நீங்களும்தான். செவ்வாய் ராத்திரி வீட்டிலேயே படுத்துத் தூங்குங்கள். புதன் காலை கிளம்புங்கள். திரும்பி வருவது திங்கள் மாலையாக இருக்கட்டும். கடைசிச் செவ்வாய் வீட்டுக்கு. துணி துவைக்கணும், சாமான் எடுத்து வைக்கணும், அவருக்கும் அந்த வீடு கொஞ்சம் பழகணும். ஆக, வெளியே தங்குவது ஐந்து ராத்திரி. இதுதான் நிஜக் கையிருப்பு.

ஐந்து ராத்திரிக்கு என் கணக்கு: மூணாறு மூன்று, கடற்கரையில் ஒன்று, ஆலப்புழையில் படகு வீட்டில் ஒன்று. அவ்வளவுதான். மற்ற ஐந்து ஊரும் எங்கேயும் ஓடிப்போகாது.

எதை விடுவது என்பதில்தான் எல்லாருக்கும் மனசு வராது. ராமேஸ்வரம் நமக்கு 170 கிலோமீட்டர். காலையில் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனம் பண்ணி, தனுஷ்கோடி வரை பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். மாசி, பங்குனியில் ஒரு நாள் உங்கள் அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் சந்தோஷம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலிலேயே போகலாம். கன்னியாகுமரி வேறு திசை, கொச்சியிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அதற்கென்று ஒரு சனி, ஞாயிறு போதும். கொச்சியைப் பார்க்க ஆசைதான், ஆனால் மட்டாஞ்சேரி, கோட்டைப் பகுதி எல்லாம் நடந்து பார்க்க வேண்டிய இடம். இரண்டு மணி நேரத்தில் சீனவலை முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஓடுவதற்கு எதற்கு அவ்வளவு தூரம்? தேக்கடி திரும்பும் வழியிலேயே வருகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கொடைக்கானலா மூணாறா என்று கேட்டால், இரண்டில் ஒன்று. இரண்டும் குளிர், இரண்டும் மலை, இரண்டிலும் ஏரி. கொடைக்கானல் நமக்கு நாலு மணி நேரத் தூரம், ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த ஏரியே மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் வெட்டியது, நம்ம வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. கல்யாண நாளுக்குப் போகலாம், சாதாரண வெள்ளிக்கிழமைகூடக் கிளம்பலாம். காரில் போவதானால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது கட்டாயம். ஆனால் ஒன்று. உங்கள் இருவருக்கும் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, நீண்ட பயணமே வேண்டாம் என்றால், கொடைக்கானலில் மட்டும் நாலு ராத்திரி தங்குவதும் நல்ல தேனிலவுதான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஒரு நாள், மற்ற நாள் ஏரியைச் சுற்றி நடை. வரும்போது பூம்பாறை மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தால் மாமியார் வீட்டிலும் நல்ல பெயர்.

சரி, மூணாறு என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சுமார் 155 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து மூன்று மணி நேரம் என்று நினைக்காதீர்கள், ஐந்து மணி நேரம் வையுங்கள். போடி தாண்டினால் போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, தேனியில் இரண்டு இட்லி, அதற்கு மேல் வேண்டாம். பூரி, பொங்கல், பரோட்டா எல்லாம் இறங்கி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். குமட்டல் மாத்திரை போடுவதானால் மலை அடிவாரத்தில் போட்டு எந்தப் பயனும் இல்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் மலையைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. தேனி, கம்பம், போடி பக்கம் நம் ஆட்கள் எல்லாருக்கும் சொந்தம் இருக்கும். "அந்த வழியாத்தானே போறீங்க, அத்தை வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று போன் வரும். புது மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒரு வாய் என்பது இலை போட்டுக் கறி விருந்து, ஆரத்தி, வெற்றிலை பாக்கு, பக்கத்து வீட்டுச் சித்தப்பா. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மதியம் மூன்றரை மணிக்கு எழுந்து மலை ஏறினால் போடிமெட்டில் பனிமூட்டமும் இருட்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். போகும்போது யார் வீட்டுக்கும் வேண்டாம். "திரும்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கே வர்றோம் அத்தை" என்று கல்யாண மண்டபத்திலேயே சொல்லிவிடுங்கள். அன்போடு சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மூணாறில் என்ன பார்ப்பது என்று தனியாகத் தேட வேண்டாம், ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை தமிழில் சொல்வார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள்தானே. ஆனால் உங்கள் தேதிக்கு ஒரு விஷயம்: வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். தை கடைசியில் கல்யாணம் என்றால் நீங்கள் போவது பிப்ரவரியில். அந்தப் பூங்காவின் ராஜமலைப் பகுதியை நம்பி ஒரு முழு நாளை ஒதுக்காதீர்கள். ஒரு நாள் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போய் வாருங்கள். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் கீழே தெரிவது நம் தேனிப் பக்கம். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை ரயிலில் இந்த இடத்துக்கு வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போனது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கம்பிவடத்தின் மேல் நிலையம் இருந்த இடம் என்பதால்தான் பெயரே டாப் ஸ்டேஷன்.

மற்றொரு முழு நாளுக்கு எதுவும் எழுதாமல் விடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், அந்தக் கட்டத்தை வெற்றாகவே வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஜோடி எங்களிடம் ஆறு நாளில் ஆறு ஊர் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், மாப்பிள்ளை கேட்கவில்லை, நானும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். நாலாம் நாள் ராத்திரி குமுளியிலிருந்து அந்தப் பெண் போன் பண்ணினார். குரல் மெல்ல வந்தது: "அக்கா, நாளைக்கு ஊரைக் கேன்சல் பண்ண முடியுமா? எனக்குத் தூங்கணும் போல இருக்கு. அவர்கிட்ட சொல்லத் தயக்கமா இருக்கு." நானே மாப்பிள்ளையிடம் பேசினேன். அவருக்கும் அதே களைப்புதான், அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். மறுநாள் இரண்டு பேரும் பதினோரு மணி வரை தூங்கியிருக்கிறார்கள். ஊருக்கு வந்ததும் எங்கள் ஆபீசுக்கு வந்து போனில் படங்களைக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தது. அந்தப் பெண் வேகமாகத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினார். குமுளி ரூமின் திண்ணைச் சுவர், மேலே இரண்டு டீ கிளாஸ், பக்கத்தில் மருதாணி பாதி மங்கிய அவர் கை. "இதுதான்க்கா எனக்குப் பிடிச்சது" என்றார். அதற்குப் பிறகு யாருக்குப் பயணம் போட்டாலும் நடுவில் ஒரு நாளை வெற்றாக விட்டுத்தான் கொடுக்கிறேன்.

மற்ற நாட்களுக்கும் ஒரே அளவுகோல் போதும்: காலையில் ஒரு இடம், மதியத்துக்கு மேல் தோன்றினால் இன்னொன்று. கொழுக்குமலை சூரிய உதயம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அருமையான இடம்தான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கே சூரியநெல்லியில் ஜீப் ஏற வேண்டும், எலும்பை உலுக்கும் பாதை. வேறொரு சமயம் போனால் சரி, கல்யாணக் களைப்போடு வேண்டாம்.

சனிக்கிழமை இறக்கம். மூணாறிலிருந்து அடிமாலி, நேரியமங்கலம், மூவாற்றுப்புழை வழியாக ஆலப்புழைப் பக்கம் போக ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. நேராகப் படகுக்குப் போகலாமே என்று தோன்றும். படகு வீட்டில் ஏறுவது பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு மணிவாக்கில். அதைப் பிடிக்க மூணாறில் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், வழியில் ஒரு லாரி நின்றால் போச்சு. அதனால்தான் நடுவில் ஒரு ராத்திரி மாராரிக்குளம். அது ஆலப்புழைக்கு வடக்கே இருக்கும் அமைதியான கடற்கரை. நிதானமாகப் பத்து மணிக்குக் கிளம்பி, சீயப்பாறை அருவி முன்னால் கொஞ்சம் நின்று, வழியில் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குப் போய்ச் சேருங்கள். நமக்குத் தெரிந்த ராமேஸ்வரம் கடலில் சூரியன் உதிக்கும். அங்கே கடலுக்குள் இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்திருந்தாலே அன்றைய நாள் நிறைந்துவிடும்.

ஞாயிறு படகு. கெட்டுவள்ளம் என்பார்கள், முன்பு குட்டநாட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு போன படகுகள். படகு ராத்திரி முழுக்க ஓடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள், அதற்கு மேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். மதியம் ஏறி, கரிமீன் வறுவலோடு சாப்பாடு, நாலைந்து மணி நேரம் மிதந்துகொண்டே வயலும் தென்னையும் பார்ப்பது, பிறகு ஓர் இடத்தில் கட்டிய படகில் தூக்கம். மறுநாள் ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் ரொம்ப நன்றாக இருக்கும். முன்பணம் கட்டும் முன் மூன்று கேளுங்கள்: படகு நமக்கு மட்டுமா, வேறு குடும்பமும் ஏறுமா? ஏசி எந்த நேரம் ஓடும்? நிறையப் படகுகளில் ராத்திரி மட்டும்தான். எங்கே கட்டுவார்கள், வரிசையாக நூறு படகுக்கு நடுவிலா, தனியாகவா?

திங்கள் காலை ஒன்பது மணிக்கு இறங்கி, சங்கனாச்சேரி அல்லது கோட்டயம் வழியாக முண்டக்கயம், குட்டிக்கானம், குமுளி. மதியச் சாப்பாட்டைக் குமுளியில் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கடி ஏரிப் படகுக்கு அன்று ஓடாதீர்கள், ஏலக்காய் வாங்கிக்கொண்டு கீழே இறங்குங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டம், தேனி, ஆண்டிபட்டி, மதுரை. இருட்டும் நேரத்துக்கு வந்துவிடலாம். லீவு இன்னும் ஒரு நாள் கிடைத்தால், கோட்டயத்தில் தங்கிவிட்டு மறுநாள் காலை குருவாயூர் - மதுரை எக்ஸ்பிரஸில் வாருங்கள். கொல்லம், புனலூர், செங்கோட்டை என்று மலைக்குள்ளே புகுந்து வரும் பாதை அது, பதிமூன்று கண் பாலம் ஜன்னலிலேயே தெரியும். முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும், தேதியைக் குறித்து வையுங்கள். டிக்கெட்டில் மனைவி பெயரை ஆதாரில் இருக்கிற மாதிரியே போடுங்கள். ஆசையாக உங்கள் பெயரைச் சேர்த்துப் போட்டால் பரிசோதகரிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

வண்டி விஷயத்தில் எங்கள் வருமானத்துக்கு எதிராகவே சொல்கிறேன்: ஆறு நாளும் ஒரே காரைக் கையில் வைத்திருக்காதீர்கள். வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு உண்டு, வண்டி சும்மா நின்றாலும் அதைக் கொடுக்க வேண்டும். டிரைவர் பேட்டா, கேரளா பெர்மிட் தனி. மூணாறு வரை ஒரு டிராப், அங்கே உள்ளூர் ஆட்டோ, ஜீப், இறங்க ஒரு வண்டி, திரும்ப ஒரு வண்டி. இது சிக்கனம், கூடவே ஒரு ஆள் காத்திருக்கிறாரே என்ற அவசரமும் இருக்காது. மிச்சமாகும் பணத்தை மூணாறு ரூமில் போடுங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி உள்ள ரூம், டவுனுக்குக் கொஞ்சம் வெளியே. ஹனிமூன் பேக்கேஜ் என்று கட்டிலில் ரோஜா இதழ், கேக், மெழுகுவத்திச் சாப்பாடு என்று கூடக் கேட்பார்கள். சாதா ரூமுக்கு எவ்வளவு, பேக்கேஜுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

இதே திட்டம் ஆவணி முகூர்த்தத்துக்குப் பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளாவில் மழை, மூணாறுப் பாதையில் மண் சரியும். உங்களுக்குத் தை என்பதால் வானம் சுத்தம், ராத்திரி நல்ல குளிர். இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பட்டுச் சேலைகளை வீட்டில் வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி. "எந்த ஊரா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டாங்க." தம்பி, கல்யாணம் நிச்சயமான பெண் வேறு என்ன சொல்வார்? ஏழு ஊரில் அவர் வாயால் சொன்ன ஊர் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், இன்றைக்கு ராத்திரி போன் பேசும்போது இப்படிக் கேளுங்கள்: மலைப்பாதையில் வாந்தி வருமா? கடல் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா? லீவு நாளில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? சின்ன வயதில் போக ஆசைப்பட்டு, வீட்டில் கூட்டிப்போகாத இடம் ஏதாவது உண்டா? மாதவிலக்குத் தேதியையும் கூச்சப்படாமல் கேளுங்கள், அல்லது உங்கள் அக்கா தங்கச்சியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். குலதெய்வம் கோயிலுக்கும் படகுக்கும் அதைப் பார்த்துத்தான் நாள் வைக்க வேண்டும். அவர் கன்னியாகுமரி என்று சொன்னால் நான் மேலே எழுதியதை எல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். கன்னியாகுமரியில் இரண்டு ராத்திரி, அங்கிருந்து கோவளம், வர்க்கலை என்று வேறு மாதிரி போட்டுத் தருகிறேன். பதிலைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ரூமுக்கு முன்பணம் அதுவரை கட்ட வேண்டாம்.